டீவீக்குத் துடக்குக் கழித்த கதை

என் கணவரைப் போல ஒரு பக்திமானை வெள்ளவத்தை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. செத்த வீடு நடந்தால் மற்றவர்கள் தீட்டுப் போக வீட்டுக்குத் துடக்குக் கழிப்பார்கள், உடுப்புக்குக் கழிப்பார்கள். இவர் ஐம்பத்தைந்து அங்குல டீவீக்குக் கழித்தார்.

லண்டனில் இவருடைய பெரியப்பா மகன் ஒருவர் காலமாகியிருந்தார். ஆளை இவர் கடைசியாகப் பார்த்து இருபத்தெட்டு வருடம். இருந்தாலும் ஆண்வழிச் சொந்தம், முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, நல்ல காரியம் எதையும் தொடக் கூடாது. முப்பத்தோராம் நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. எங்கள் ஒரே மகளின் கலியாணத்துக்கு அன்றிலிருந்து சரியாக ஒன்பது நாள். மனிதர் விடிய எழும்பி முழுகி, ஐயரிடம் போத்தலில் தீர்த்தம் வாங்கி வந்து, அதில் மஞ்சளைக் கரைத்து, பக்கத்து லேன் மதிலுக்கு மேலால் தொங்கிய மாங்கொத்து ஒன்றை முறித்துக்கொண்டு வந்து, வாசற்கதவிலிருந்து தெளிக்கத் தொடங்கினார். சரி, செய்யட்டும் என்று நான் குசினியில் என் பாட்டில் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் சளார் சளார் என்று ஈரத்தால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் இவர் ஹோலில் டீவீக்கு முன்னால் நின்று, மாவிலையைத் தோய்த்துத் தோய்த்துத் திரையில் விளாசிக்கொண்டிருக்கிறார். மஞ்சள் தண்ணீர் கோடு கோடாக வழிகிறது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே?" என்று கத்தினேன்.

"என்ன விசர்? கலியாணம் இதுக்குள்ளைதானே நடக்கப்போகுது. மண்டபத்துக்குத் துடக்குக் கழிக்கவேண்டாமே?"

தலையில் அடித்துக்கொண்டு, கண்ணாடி துடைக்கிற நீல மருந்துப் போத்தலை எடுத்து வந்தேன். வெள்ளவத்தையில் கடலோரத்து லேன்களில் குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும், உப்புக் காற்று எதிலும் ஒரு பிசுக்கைப் படிய வைத்துவிடும். வெள்ளிக்கு வெள்ளி கண்ணாடி அலுமாரி, மேசை, டீவீ எல்லாவற்றுக்கும் மருந்தடித்துப் பளபளவென்று துடைப்பது என் வழக்கம். அன்றைக்கு மஞ்சள் வேறு. கீழ்ச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் கோடு போகிறதாக இல்லை. நாலைந்து முறை நன்றாக அடித்து, தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். "பாத்தீங்களே, இதுதான் துடக்குக் கழிக்கிறது" என்று இவருக்குக் காட்டவும் செய்தேன். இவர் தீர்த்தப் போத்தலை மூடி வைத்தார்.

பின்னேரம் இவர் செய்தி கேட்கப் போட்டார், எட்டிப் பார்த்தால் திரையில் பாதி இருட்டு. மற்றப் பாதியில் மேலிருந்து கீழாகப் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். அடியிலிருந்து சாம்பிராணி போட்டமாதிரி ஒரு புகை. செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு ஒரு காது மட்டும் தெரிந்தது.

நான் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவள். கடைசிப் பதினொரு வருடமும் மற்றவர்கள் எழுதி அனுப்புவதில் பிழை பிடிப்பதுதான் என் வேலை. பென்ஷன் எடுத்த பிறகு பிழை பிடிப்பதற்கு வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சினார். அன்றிரவு அவரை நான் விட்டு வைக்கவில்லை. சன்னதம் ஆடினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் டீவீக்காக ஆடியிருந்தால் நான்தான் விசரி. இவருடைய இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை கரைந்துகொண்டு வருகிறது. ஊசி போட்டார்கள். இருக்கிறதைக் கொஞ்ச நாள் காப்பாற்றலாம், போனதைக் கொண்டு வர ஏலாது என்று கண் டொக்டர் கையை விரித்துவிட்டார். பேப்பர் வாசிப்பு நின்றது, தனியே வீதி கடப்பது நின்றது. கனடாவிலிருந்து மகள் வீடியோவில் கதைத்தால் போனில் இவருக்குத் தெரிவது ஒரு வெளிச்சப் பொட்டு மட்டும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன் அவள் அங்கிருந்தே ஒரு கடையில் சொல்லி இந்தப் பென்னாம்பெரிய டீவீயைக் கொண்டுவந்து இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய முகம் அதில் வரும். இவர் பிளாஸ்டிக் கதிரையைத் திரைக்கு மூன்றடியில் இழுத்துப் போட்டு, கோழி பார்க்கிறதுபோலத் தலையைச் சரித்து, ஓரக்கண்ணால் அந்த முகத்தைப் பிடித்துவிடுவார். "பிள்ளை மெலிஞ்சு போனாய்" என்பார். அது சரியாகவும் இருக்கும். உலகத்தில் இவர் தெளிவாகப் பார்க்கிற ஒரே சாமான் அந்தத் திரைதான். அதைத்தான் குளிக்க வார்த்திருக்கிறார்.

கலியாணத்துக்கு நேரே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதுவும் இந்த மனிதரின் வேலைதான். இரண்டு பகுதியும் பேசி முடித்தது வருகிற தைக்கு. சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு இவருக்கு என்ன கோதாரி பிடித்ததோ, கலியாணத்தை ஆவணியில் வையுங்கோ, தள்ள வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஏன் என்றால் காரணம் இல்லை. "முன்னுக்கு வைச்சா நல்லது" என்ற ஒரு வசனம்தான். வாய் திறந்து ஒன்றும் கேட்காத அப்பா முதல் தரம் கேட்கிறார் என்று மகளும் மண்டபத்தை மாற்றி, மாப்பிள்ளை பகுதியின் முகச்சுழிப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். எங்களுடைய விசாவோ தைக்கென்றால் ஆறுதலாக வந்திருக்கும். ஆவணிக்கு வரவில்லை. வந்தது, கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை.

பெற்ற பிள்ளையின் கழுத்தில் தாலி ஏறுவதை டீவீயில் பார்க்க வைத்த மனுசன் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. மாடிப்படியில் கண்டவர்களிடம் சொன்னேன், மரக்கறிக் கடையில் சொன்னேன், போனில் சகோதரிகளுக்குச் சொன்னேன். இவர் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். இப்போது அந்த டீவீயும் இல்லை. புதுசு ஒன்றின் விலையைக் கேட்டேன். பென்ஷன்காரர் காது கொடுத்துக் கேட்கக்கூடிய விலை இல்லை. கலியாணச் செலவில் நிற்கிற பிள்ளையிடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது நாளைக்குள் அதைத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் இவர் மகளை மணக்கோலத்தில் காணப்போவதில்லை. கண் இருக்கிற நிலைமையில் பிறகு காணலாம் என்ற கதையும் இல்லை.

சனிக்கிழமை ஆலோசனைக் கூட்டம் கூடிவிட்டது. மூன்றாம் மாடி மனுசி ஓடி வந்தாள்.

"அக்கா, போன் தண்ணிக்குள்ளை விழுந்தா நாங்கள் அரிசிக்குள்ளைதான் புதைச்சு வைக்கிறனாங்கள். ரெண்டு நாளிலை சுகம்."

"இதைப் புதைக்கிறதெண்டா நாலு மூடை அரிசி வேணும். பிறகு அதைப் பொங்கி உங்கட வீட்டுக்கு அனுப்பட்டே?" என்றேன். அவளுக்கு முகம் கறுத்துவிட்டது.

அவளுடைய புருஷன் ஒரு ஓய்வுபெற்ற இஞ்சினியர். குளமும் வாய்க்காலும் கட்டியவர், வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைத் திருப்பி விட்டுப் பழகினவர். டீவீயைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். "கட்டிலிலை மல்லாக்கப் போட்டு மேலை ஃபானை விடுங்கோ. தண்ணி தன்பாட்டிலை ஆவியாப் போகும்" என்று தீர்ப்புச் சொன்னார். இஞ்சினியர் அல்லவா! எங்களுடைய கட்டிலில் டீவீ படுத்தது. நாங்கள் இரண்டு நாள் ஹோலில் பாய் விரித்துப் படுத்தோம். திங்கட்கிழமை காலை நிமிர்த்திப் போட்டுப் பார்த்தால் அடியில் நின்ற புகை திரையின் நடு நெஞ்சு வரைக்கும் ஏறியிருந்தது.

காலி வீதியில் குளிரூட்டிய ஒரு பெரிய கடை இருக்கிறது. அங்கிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன் அன்றைக்கே வந்தான். கையில் திருப்புளி இல்லை, கலர் கலராகக் கடதாசிதான் இருந்தது. டீவீயின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான். போன் வெளிச்சத்தைப் பிடித்து ஓட்டைகளுக்குள் பார்த்தான்.

"பெனல் போயிட்டுது மேடம். இதைத் திருத்திறது வேஸ்ட். பழசைத் தந்திட்டுப் புதுசு எடுக்கலாம், இந்த மாதம் ஒரு ஓஃபர் இருக்குது" என்றான்.

"ஒரு ஆணியாவது கழட்டிப் பாத்தீரோ தம்பி?"

"பாக்கத் தேவையில்லை மேடம். அனுபவம்."

அனுபவமாம்! மீசை சரியாக முளைக்கவில்லை. அவன் போன கையோடு நானும் கடைக்குப் போய், திருத்தவென்று கூப்பிட்டால் விற்க ஆள் அனுப்புவீர்களா என்று ஏசினேன். மனேஜர் சிரித்துச் சிரித்து என்னை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டார். பில் எழுதுகிற பெண் மட்டும் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அன்ரி, கொட்டாஞ்சேனையிலை ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார். எங்களுக்கு ஏலாததை நாங்களும் அவரிட்டைத்தான் அனுப்பிறது. சொன்னது நானெண்டு சொல்லிப்போடாதேங்கோ." இதுதான் இவர்களுடைய குளிரூட்டிய அனுபவம்.

செவ்வாய்க்கிழமை சின்ன லொறி ஒன்றைப் பிடித்தேன். லிஃப்ற் வேலை செய்யவில்லை. அது வேலை செய்த நாள்தான் எனக்கு நினைவில்லை. லொறிக்காரனும் அவனுடைய ஆளும் நாலு மாடியால் டீவீயைத் தூக்கி இறக்க, நான் பின்னாலேயே "மல்லி, பரிஸ்ஸமென்! கெலின் தியாகன்ன!" என்று, கவனமாக நேரே பிடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டு இறங்கினேன். என்ன நடந்தது அம்மா என்று லொறிக்காரன் சிங்களத்தில் கேட்டான். துடக்கு, தீர்த்தம் எல்லாம் விளங்கப்படுத்த என்னிடம் சிங்களம் போதாது. இவரைக் காட்டி, "மாத்தயா டீவீ எக்க நேவ்வா" என்றேன். ஐயா டீவீயைக் குளிக்க வார்த்தார் என்றதும் அவன் படியில் நின்று சிரித்த சிரிப்பில் டீவீ விழுந்துவிடும் என்று பயந்துவிட்டேன். கைபிடியைத் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்த இவரும் சேர்ந்து சிரித்தார். வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

செவ்வாய்க்கிழமை என்றால் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிற சனம் வீதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதை யோசிக்காமல் வெளிக்கிட்டது என் பிழை. ஆனால் லொறிக்குள் இருந்த ஒன்றரை மணித்தியாலமும் நான் இவரைத்தான் ஏசினேன். ஆவணிக் கதையைத் திரும்பவும் எடுத்தேன். "தைக்கு விட்டிருந்தா நாங்கள் ஆறுதலாச் சூட்கேஸ் அடுக்கிக்கொண்டு போயிருப்பம், இப்பிடி லொறியிலை பழுதான டீவீயோடை போகமாட்டம்" என்றேன். இவர் "ஓம்" என்றார். பேசுகிறவளுக்கு இந்த "ஓம்" எவ்வளவு எரிச்சல் என்று கட்டிக்கொண்டவளுக்குத்தான் தெரியும்.

நானாவின் கடை ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு அறை. பெயர்ப்பலகை கூட இல்லை. இதற்குத்தானா இவ்வளவு தூரம் என்று எனக்குச் சீ என்று போய்விட்டது. நடுவில் இரண்டு மேசையை ஒட்டிப் போட்டு மேலே போர்வை விரித்திருந்தது. நானாவுக்கு அறுபது வயதிருக்கும். கூட வேலை செய்வது அவருடைய மனைவி. தலையை மூடிய முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு அந்த மனுசியும் கையைத் துடைத்து ஆயத்தமாக நின்றார்.

"வீட்டுல இத எப்பிடி வச்சிருந்தீங்க அக்கா? படுக்கவா, நிமித்தியா?" என்று கேட்டார் நானா.

"ரெண்டு நாள் கட்டிலிலை படுக்க வைச்சனாங்கள். ஒரு இஞ்சினியர் சொன்னவர்."

"இஞ்சினியரா" என்று மட்டும் சொன்னார். "கீழ நிண்ட தண்ணி கீழயே நிண்டீக்கும். படுக்க வச்சதும் உள்ளுக்க ஊறிட்டு. சரி, உங்கட முன்னுக்குத்தான் தொறப்பேன். பொறகு நீங்க ஒண்டு சொல்ல நான் ஒண்டு சொல்ல வேணாம்."

ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, முட்டை அடுக்குகிற கடதாசித் தட்டில் வரிசை குலையாமல் போட்டார். சட்டத்தை எடுத்தார். பிறகு உறிஞ்சிப் பிடிக்கிற இரண்டு ரப்பர் கிண்ணங்களைக் கண்ணாடியில் பதித்து, புருஷனும் பெண்சாதியும் "பிஸ்மில்லா" என்று ஒரே மூச்சில் தூக்கினார்கள். ஒருவர் வேகமாகவும் மற்றவர் மெதுவாகவும் தூக்கினால் வெடித்துவிடுமாம். ஏச்சும் இல்லை, பேச்சும் இல்லை. அந்த மெல்லிய கண்ணாடி தூக்கம் கலையாத பிள்ளைபோல மற்றப் போர்வைக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு அது பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று மூன்று தாள்கள். விளக்கு வெளிச்சத்தைத் திரை முழுக்கப் பரப்புவது அவைதான் என்றார் நானா. தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வளையம் வளையமாகக் கறை, ஒன்றுக்கு மேல் ஒன்று. கீழ் விளிம்பில் நீலமாக ஏதோ காய்ந்து செதில் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார்.

"மஞ்சத்தண்ணி தெளிச்சதெண்டு சொன்னீங்க. மஞ்சள எங்க? வெளிச் சட்டத்தோட நிண்டிட்டு, உள்ளுக்க ஒரு சொட்டு இல்ல. வெள்ளத் தாள்ல மஞ்சள் பட்டா மறைக்கேலுமா?"

"அப்ப இது?"

"கண்ணாடி தொடைக்கிற மருந்து. திரையில அடிச்சா வழிஞ்சு கீழ போய் நிக்கும், நிண்டு உள்ளுக்க எறங்கும். இங்க பாருங்க." திரையின் அடியில் மெல்லிய நாடாக்கள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றும் திரையின் ஒரு துண்டுக்குப் படத்தைக் கொண்டு போகிறது. அவற்றில் மூன்றின் வேரில் பச்சை பூத்திருந்தது. "நாலு நாள்ல இப்பிடிப் பச்ச புடிக்காது அக்கா. இது மாசக்கணக்கு. கடசியா ஒருக்கா நல்லா அடிச்சீக்கிறீங்க, அதோட செத்திட்டு. ஆரு அடிக்கிற?"

நான் சுவரைப் பார்த்தேன். இவருக்கு ஆர் அடிக்கிறது என்று தெரியாதா? வெள்ளிக்கு வெள்ளி அந்தச் சீறல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறவர். அப்போதும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானாவுக்கு விளங்கிவிட்டது. கதையை மாற்றினார்.

"முந்தியே படத்துல பொக மாதிரி வந்தீக்குமே. கீழ் மூலையில. நீங்க காணலியா?"

"இல்லை நானா. வெள்ளிக்கிழமைதான் வந்தது" என்றேன். நான் டீவீ பார்க்கிறவளா? சீரியல் பார்க்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. துடைக்கும்போது அது அணைந்துதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மகளோடு கதைப்பதும் குசினி வாசலில் நின்றுதான், அங்கிருந்து பார்த்தால் கீழ்ப்பகுதியை இவருடைய தலை மறைத்துவிடும்.

அப்போதுதான் மூலைக் கதிரையில் இருந்த இவர் கதைத்தார்.

"மாசியிலை இருந்து இருக்குது" என்றார்.

நானா திரும்பினார். "என்ன அண்ணன்?"

"புகை. மாசியிலை இருந்து இருக்குது. முதல் பிள்ளையின்ர தோள்மாட்டிலை நிண்டது. பிறகு நாடிக்கு வந்திட்டுது." தன் நாடியைத் தொட்டுக் காட்டினார். "நான் அது என்ர கண் எண்டெல்லோ நினைச்சனான்."

நானாவின் மனைவி கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"மற்ற எல்லாம் எனக்கு முந்தியே மங்கல்தானே. இது ஒண்டுதான் வடிவாத் தெரிஞ்சது. அதிலையும் புகை ஏறிக்கொண்டு வந்தா என்ன நினைக்கிறது? தை வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தா முழுக்க மூடிப்போடும் எண்டு பயந்து போனன். அதுதான்..."

அதோடு விட்டுவிட்டார். சொல்லி முடிக்கத் தேவையிருக்கவில்லை. ஆவணி. மண்டபம் மாற்றியது. வராத விசா. மரக்கறிக் கடை வரைக்கும் நான் கொண்டு போய் விரித்த கதை முழுவதும் ஒரு நீலப் போத்தலுக்குள் இருந்து வந்திருக்கிறது. பிழை பிடிக்கிற உத்தியோகமாம், முப்பத்திரண்டு வருடமாம். தூ!

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். அப்போதும் குரல் ஏசுகிற குரலாகத்தான் வந்தது. எனக்கு வேறு குரல் இல்லை.

"சொன்னா நீர் ஏசுவீர்" என்றார், மிகவும் சாதாரணமாக. பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப என்ர கண் அவ்வளவு பழுதில்லை, என்ன?" என்று நானாவைப் பார்த்துக் கேட்டார். நானா இருந்த பக்கம் என்று நினைத்து அலுமாரியைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல அண்ணன். டீவீதான் பழுது" என்றார் நானா.

திரும்பி வரும்போது லொறிக்காரனை விட்டு பஸ்ஸில் வந்தோம். வழி முழுக்க இவர் புளுகத்தில், சந்தோஷம் தாங்காமல் இருந்தார். ஏழு மாதமாகக் குருடாகிக்கொண்டிருக்கிறோம் என்று தனக்குள் வைத்து அழுந்திய மனுசனுக்கு, அது இல்லை என்றால் புளுகம் வராதா? அடுத்த கிழமை கண் டொக்டரிடம் போவோம், இவ்வளவு நாளும் பயத்தில் தட்டிக் கழித்துவிட்டேன் என்றார். கலியாணத்துக்கு வேட்டி கட்டவா, கால்சட்டை போடவா என்று கேட்டார். ஒரு சொல், ஒரே ஒரு சொல் என்னை ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். அதற்குக்கூட ஆளுக்குத் துப்பில்லை.

வெள்ளிக்கிழமை டீவீயைத் தந்தார்கள். தாள்களைக் கழுவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிழலில் காயவிட்டு, நாடாக்களின் பச்சையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து எடுத்திருந்தார்கள். வலது பக்கத்தில் நூல்போல ஒரு கறுப்புக் கோடு மட்டும் போகவில்லை. "அது போகாது. கலியாணத்துக்குத் தாங்கும், அதுக்குப் பொறகு அல்லாஹ் விட்ட வழி. காஞ்ச துணியால மட்டும் தொடைங்க அக்கா" என்றார் நானா. என்னை நிமிர்ந்து பார்க்காமல்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே காலை, இங்கே பின்னேரம் ஏழு மணி. மாடிச் சனம் முழுக்க எங்கள் ஹோலில். அரிசிக்காரி பட்டுச் சேலையில் வந்தாள். இஞ்சினியர் வந்ததும் வராததுமாக, "கட்டிலிலை போட்டபடியால்தான் தப்பினது" என்று எல்லாருக்கும் விளக்கம் கொடுத்தார். டீவீக்குத் தலைக்குத் தண்ணி வார்த்த மனுசன் என்று இவரைச் சுற்றி ஒரே பகிடி. எல்லாம் நான் பரப்பிய கதைதான். உண்மை எனக்கும் இவருக்கும் நானா குடும்பத்துக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. இவர் பட்டு வேட்டியோடு பிளாஸ்டிக் கதிரையில், திரைக்கு மூன்றடியில் இருந்தார்.

படம் வந்தது. தண்ணீரில் கழுவி எடுத்தமாதிரி இருந்தது. மகள் தோழிகளோடு மணவறைக்கு நடந்து வந்தாள். இவர் தலையைச் சரித்தார், இன்னும் கொஞ்சம் சரித்தார். அப்படியே அசையாமல் இருந்தார்.

"மூக்குத்தி போட்டிருக்கிறாள்" என்றார்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். போட்டிருந்தாள். எங்களுக்குச் சொல்லாமல் குத்தியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிளகாய்ப் புகை என்று குசினிக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தேன்.

தாலி ஏறி, அறுகரிசி போட்டு முடிந்த பிறகு, யாரோ போனைத் தூக்கி மகளுக்கு முன்னால் பிடித்தார்கள். அவளுடைய முகம் திரை முழுக்க வந்தது.

"அப்பா, தெரியுதா?"

"தெரியுது பிள்ளை. நெத்திச்சுட்டி, மூக்குத்தி, எல்லாம் வடிவாத் தெரியுது."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. உதடு கோணிக்கொண்டு போனது. "கொஞ்சம் பொறுத்திருந்தா நீங்கள் ரெண்டு பேரும் என்னோடை இஞ்சை மணவறையிலை நிண்டிருப்பீங்கள். ஏனப்பா அவ்வளவு அவசரப்பட்டனீங்கள்?"

இவர் மெதுவாகத் திரும்பி என்னைத் தேடினார். நான் நின்ற தூரத்தில் என்னை இவருக்குத் தெரியாது. பார்வை எனக்குப் பக்கத்தில் இருந்த திரைச்சீலையில் போய் நின்றது. பிறகு மகளிடம் திரும்பிவிட்டார்.

"என்ர பிழைதான் பிள்ளை. அப்பாவுக்கு வயசு போய் மூளை கலங்கி அறளை பெயர்ந்திட்டுது."

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.